எட்டு வரிக் கவிதைக்குக் காப்பிரைட் எடுக்க வேண்டுமா?

தண்டையார்பேட்டைத் தனியன் | சனி, இரவு 11.10

எல்லாருக்கும் வணக்கம். துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது போனிலேயே நாலு வரி எழுதி முகநூலில் போடுவேன். புத்தகம் போட்டதில்லை, பத்திரிகைக்கு அனுப்பியதும் இல்லை. லைக் போடுவது பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தேன். போன வாரம் எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் அதே எட்டு வரி வருகிறது. பின்னால் கடல் படம், கீழே வேறொருவர் பெயர், அவருடைய போட்டோ. பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று வேறு. ஒரு சொல் மாறவில்லை. நான் 'வலை'யைப் பற்றி எழுதிய இடத்தில் போன் தானாகத் திருத்திப் போட்ட 'வளை' கூட அப்படியே இருக்கிறது.

மூன்று பேரிடம் யோசனை கேட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர், "காப்பிரைட் எடுத்துத் தருகிறேன், ஒரு கவிதைக்கு மூவாயிரம்" என்கிறார். நண்பன், "கவிதையைக் கவரில் போட்டு உன் பெயருக்கே தபாலில் அனுப்பு, வந்ததும் பிரிக்காமல் பீரோவில் வை, அதுதான் ஆதாரம்" என்கிறான். மாமா, "இதுக்கெல்லாம் ஒரு காப்பிரைட்டா, போய்த் தூங்குடா" என்கிறார்.

யார் சொல்வது சரி?

வியாசை விசில் | சனி, இரவு 11.32

மாமா சொல்வதுதான் சரி, தலைவா. மூவாயிரம் இருந்தால் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வை. திருடத் தகுந்த மாதிரி எழுதியிருக்கிறாய், அதற்குச் சந்தோஷப்படு.

எங்கள் பக்கம் கானா எழுதுகிறவன் எவனும் காப்பிரைட் கேட்டதில்லை. ஒருத்தன் பாடுவான், அடுத்த தெருக்காரன் ரெண்டு வரி சேர்ப்பான், அதற்கடுத்தவன் பேரை மாற்றுவான். பாட்டு மட்டும் நிற்கும்.

பிராட்வே குமாஸ்தா | ஞாயிறு, காலை 7.05

நான் வக்கீல் இல்லை. ஐகோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு சீனியரிடம் குமாஸ்தா. கட்டுக் கட்டாக ஃபைல் தூக்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தனியன் தம்பி, உங்கள் கவிதைக்குக் காப்பிரைட் ஏற்கெனவே இருக்கிறது. எழுதி முடித்த அன்றே வந்துவிட்டது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்கு மனுவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம், வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதும் இல்லை. பெர்ன் உடன்படிக்கை என்று 1886இல் போட்ட ஒன்று இருக்கிறது, இந்தியாவும் அதில் உறுப்பினர். அதில் சேர்ந்த நாடுகளில் இந்த உரிமைக்குப் பதிவை நிபந்தனையாக வைக்கக் கூடாது. உங்கள் ஆயுள் முழுக்க இருக்கும், நீங்கள் போன பிறகு இன்னும் 60 வருஷம் இருக்கும். எட்டு வரிக்கும் அதுதான், எண்ணூறு பக்கத்துக்கும் அதுதான்.

பதிவு என்பது தனி. டெல்லியில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஒரு மாதம் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று காத்திருப்பார்கள், அப்புறம் பரிசீலனை. ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்கும் மூவாயிரத்தில் மீதி எங்கே போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவால் என்ன லாபம்? 48ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடு கோர்ட்டில் முதல்நிலைச் சாட்சியம். எதிராளி அதை மறுத்து நிரூபிக்க வேண்டும். லாபம் அவ்வளவுதான். பதிவு இல்லாவிட்டாலும் வழக்குப் போடலாம், வேறு ஆதாரம் காட்ட வேண்டும்.

தபால் யோசனைக்கு நம் சட்டத்தில் எந்தத் தனி மதிப்பும் இல்லை. ஒட்டாத கவரை அனுப்பிவிட்டு அப்புறம் உள்ளே என்ன வேண்டுமானாலும் வைத்து ஒட்டலாமே என்று எதிர் வக்கீல் கேட்பார், முடிந்தது கதை. உங்கள் முகநூல் பதிவில் தேதி, நேரம், அதன் கீழே உங்கள் அத்தை போட்ட கமென்ட் எல்லாம் இருக்கிறது. கவரைவிட அது பலமானது. அந்த 'வளை'யைத் திருத்திவிடாதீர்கள். காப்பியடித்தவனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பிழைகள்தான்.

ஓட்டேரி கானாக்காரன் | ஞாயிறு, காலை 9.48

விசில் தம்பிக்கு ஒரு வார்த்தை. கானாக்காரன் காப்பிரைட் கேட்டதில்லை என்பது உண்மை. கேட்காததால் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் பெரியம்மா இறந்தபோது துக்க வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடினேன். விடியற்காலையில் ஒரு பாட்டு கட்டினேன். பெரியம்மா இட்லிக் கடை, அவங்க பிள்ளைகளை வளர்த்த விதம், எல்லாம் அப்போதே வாயில் வந்தது. மெட்டும் என்னுடையதுதான். கூட இருந்த நண்பனிடம் போனில் பிடிக்கச் சொன்னேன். அவன் பிடித்து எனக்கு அனுப்பினான், கூடவே நாலு பேருக்கும் அனுப்பினான்.

கொஞ்ச நாள் கழித்து யாரோ ஒரு ஆள் அந்த ஆடியோவை மட்டும் உருவி, பின்னால் கொஞ்சம் தாளம் சேர்த்து, ஏதோ விநியோகக் கம்பெனி வழியாக எல்லா மியூசிக் ஆப்பிலும் ஏற்றிவிட்டார். எனக்குத் தெரியாது. நான் வருஷாந்திரத்துக்கு அதே வீடியோவை என் யூடியூப் சேனலில் போட்டேன். மறுநாள் யூடியூபிலிருந்து தகவல் வருகிறது: உங்கள் வீடியோவில் இன்னொருவருக்குச் சொந்தமான ஒலி இருக்கிறது, விளம்பர வருமானம் அவருக்குப் போகும் என்று. என் பெரியம்மாவுக்கு நான் பாடிய பாட்டு, என் தொண்டை, சொந்தக்காரர் வேறு ஆள்!

வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் பாட்டு பொதுச்சொத்து, யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் இங்கே பெருந்தன்மை பேசிக்கொண்டிருக்கும்போது, அதை எடுத்தவர் பெருந்தன்மை பேசவில்லை. நேராகப் போய்த் தன் பேரில் பட்டா போட்டுவிட்டார்.

பிராட்வே குமாஸ்தா | ஞாயிறு, காலை 10.30

அண்ணே, அந்த ஒரு பாட்டுக்குள்ளேயே நாலு உரிமை இருக்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு, அது உங்களுடையது. மெட்டு இசைப் படைப்பு, அதுவும் உங்களுடையது. பாடிய குரலுக்குக் கலைஞர் உரிமை என்று 38ஆம் பிரிவில் தனியாக 50 வருஷம் உண்டு. கடைசியாக ஒலிப்பதிவு. பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர்தான் அதற்கு உரிமையாளர். நீங்கள் சொல்லி உங்கள் நண்பன் பிடித்தான். பட்டா போட்ட ஆள் இந்த நாலில் எதிலும் வரவில்லை.

யூடியூப் கோரிக்கையை ஏற்க மறுத்து 'டிஸ்ப்யூட்' கொடுக்கலாம். கொடுத்தீர்களா? எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். பொய்க் கோரிக்கை வைக்கிறவர்கள் பல நேரம் பதில் சொல்ல வருவதே இல்லை.

முக்கியமாக, அந்த நண்பனின் போனில் இருக்கும் மூல வீடியோவை அழிக்க விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகல் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, எப்படி எடுத்தது என்றெல்லாம் அதில் வரும். மூலம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஓட்டேரி கானாக்காரன் | ஞாயிறு, காலை 10.41

டிஸ்ப்யூட் கொடுக்கவில்லை. இங்கிலீஷில் ஏதோ மிரட்டலாக இருந்தது, சேனலே போய்விடுமோ என்று விட்டுவிட்டேன். இன்றைக்கே பையனை வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

எண்ணூர் உப்புக்காற்று | ஞாயிறு, மதியம் 1.15

எல்லாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்தக் காப்பிரைட் பேச்சே ஒவ்வவில்லை. எழுத்து நம் ஊரில் என்றைக்குச் சொத்தாக இருந்தது?

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருந்தார் வள்ளலார். அங்கிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்து போய்ப் பாடுவார். 1867இல் திருவருட்பா அச்சானபோது, புத்தகத்தில் தன்னை 'இராமலிங்கசாமி' என்று போடுவது ஆரவாரமாகத் தெரிகிறது, வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் அவர். உரிமை கிடக்கட்டும், பெயரே வேண்டாம் என்றார்.

சென்னை குஜிலிக் கடைகளில் காலணா அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்த சிந்து. 'நடராஜப் பத்து' இன்றைக்கும் எத்தனை வீட்டில் பாடுகிறார்கள்! எழுதியவர் சிறுமணவூர் முனிசாமி முதலியார் என்று பாடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாததால் பாட்டுக்கு என்ன குறைந்தது?

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிரைட் என்ற பூட்டை உடைத்த பிறகுதானே அவர் பாட்டு வீதிக்கு வந்தது? எழுதினால் பரவட்டும் என்று விடுங்கள். யாரும் படிக்காமல் பத்திரமாக இருப்பதைவிட, பெயர் இல்லாமல் பத்தாயிரம் பேர் படிப்பது மேல்.

ராயபுரம் டீச்சர் | ஞாயிறு, மாலை 4.20

உப்புக்காற்றுத் தம்பி, வள்ளலார் பெயரை வேண்டாம் என்றது அவருடைய விருப்பம். அவர் பாட்டை இன்னொருவர் தன் பாட்டு என்று அச்சடித்திருந்தால் அதன் பேர் வேறு. தனியனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

பாரதி கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். பாரதி 1921இல் இறந்த பிறகு எழுத்துகளின் உரிமை குடும்பத்திடம் இருந்து, பிறகு தம்பி விசுவநாதன் கைக்குப் போனது. பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியாகக் கைமாறி, ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைத் தகராறு வெடித்தது. பாரதி நாட்டுக்குச் சொந்தம் என்று எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949இல், ஓமந்தூரார் ஆட்சியில், சென்னை அரசு உரிமையை வாங்கியது. செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் மகள்களுக்கும் அரசு பணம் கொடுத்தது.

அதாவது பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவியை வாங்கினார்கள். உரிமை இன்னாரிடம் இருக்கிறது என்று தெளிவாக இருந்ததால்தான் வாங்கவும் முடிந்தது, குடும்பத்துக்கு நாலு காசு போகவும் முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது. எழுத்து யாருக்கும் சொந்தமில்லை என்றிருந்தால் எந்த வாரிசுக்கு என்ன கொடுப்பார்கள்?

சரி, இப்போது நான் சொல்ல வந்தது. என் சர்வீஸ் முழுக்கத் தமிழ் வகுப்பு. இப்போது ஓய்வு. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகள் கவிதை திருடு போவதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். திருடனைவிட ஆபத்தானவர்கள் வாசலில் மாலையோடு நிற்கிறார்கள்.

தொகுப்பு நூல் போடுகிறோம், நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பக்கம், பங்கேற்புக் கட்டணம் எழுநூறு, ஆயிரம். ஒரு மண்டபத்தில் விழா, பொன்னாடை, பிளாஸ்டிக் கேடயம், 'கவிச்சுடர்', 'கவிமாமணி' என்று ஏதாவது பட்டம். பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இதில் இடம்பெறும் படைப்புகளின் முழு உரிமையும் நிரந்தரமாகப் பதிப்பாளரையே சாரும்.' ஒரு பிள்ளை அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தன் சொந்தப் புத்தகத்தில் அதே கவிதையைச் சேர்த்தபோது அந்தப் பதிப்பாளர் போன் போட்டு மிரட்டினார். காசு கொடுத்து, கவிதையும் கொடுத்து, உரிமையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வாங்கியது ஒரு கேடயம்.

முகம் தெரியாதவன் எடுத்தால் கவிதை உங்களுடையதாகவே இருக்கிறது. நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகிறது.

பிராட்வே குமாஸ்தா | ஞாயிறு, மாலை 5.02

டீச்சர் சொன்னதற்கு நூறு மார்க். சட்டத்தில் 19ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் அது 5 வருஷம்தான். எந்த ஊருக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, உரிமை தானாகத் திரும்பிவிடும். இவ்வளவும் எழுதுகிறவர் பக்கம் சாய்ந்த விதிகள். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல்லைப் படிவத்தில் போட்டு நீங்கள் கையெழுத்தும் போட்டால் அந்தச் சாய்வு போய்விடுகிறது.

தொகுப்புக்குக் கவிதை கொடுக்கலாம், தப்பில்லை. 'இந்தத் தொகுப்பில் ஒரு முறை வெளியிட மட்டும் அனுமதி, மற்ற உரிமைகள் என்னிடமே' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் உங்கள் கவிதைக்காக அந்தத் தொகுப்பு போடவில்லை.

முகநூல், இன்ஸ்டாகிராம் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அங்கே போட்டால் உரிமை போய்விடாது. அவர்கள் காட்ட, பகிர, சேமிக்க ஒரு உரிமம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். உடைமை உங்களிடமே.

பெரம்பூர் ஜன்னல் | ஞாயிறு, இரவு 9.55

முதல் முறை எழுதுகிறேன். கேட்கலாமா என்று தெரியவில்லை.

நான் புனைபெயரில் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. கல்யாணம் ஆகி வந்த வீடு, நான் எழுதுவது அந்த வீட்டுக்குள் நடப்பது. யாராவது என் கவிதையைத் தன் பேரில் போட்டால், அது என்னுடையது என்று சொல்ல நான் முகத்தைக் காட்ட வேண்டும். அதனால் பேசாமல் இருந்துவிட வேண்டியதுதானா? போன மாதம் அப்படி ஒன்று நடந்தது. பேசாமல்தான் இருந்தேன்.

பிராட்வே குமாஸ்தா | ஞாயிறு, இரவு 10.20

அம்மா, புனைபெயருக்கும் உரிமை முழுசாக உண்டு. காலம் மட்டும் வேறு கணக்கு: வெளியானதிலிருந்து 60 வருஷம். அதற்குள் நீங்களாக உண்மைப் பெயரை வெளியிட்டால் ஆயுள் கூட்டல் 60 என்று மாறிவிடும். அது எப்போது, அல்லது ஒருபோதும் வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

ஆதாரம்தான் சங்கடம். புதிய கவிதையை வெளியே போடுவதற்கு முன் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அந்தச் சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். நான் கிண்டல் செய்த தபால் கவர் மாதிரி இல்லை இது. தேதியும் உள்ளடக்கமும் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது, நீங்கள் பின்னால் திருத்த முடியாது. புனைபெயர்க் கணக்கு அந்த மின்னஞ்சலோடு இணைந்திருந்தால் இன்னும் நல்லது. முகநூல், இன்ஸ்டாவில் புகார் கொடுக்க கோர்ட்டுக்குப் போக வேண்டாம். அவர்களுடைய பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பினால் போதும். ஒரு எச்சரிக்கை: அந்தப் படிவத்தில் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம். ஆகவே வீட்டில் யாரும் பார்க்காத தனி மின்னஞ்சலை வைத்துச் செய்யுங்கள். பெயர் விஷயத்தில் அவசரப்படாமல் யோசித்து முடிவு செய்யுங்கள்.

ராயபுரம் டீச்சர் | ஞாயிறு, இரவு 10.34

ஜன்னல், தனிச்செய்தியில் வாருங்கள். வேறொருவர் உங்கள் சார்பில் அந்தப் பக்கத்துக்கு எழுதிப் பேச முடியும். எழுதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மின்ட் மணிக்கூண்டு | திங்கள், காலை 8.12

புத்தகம் போட நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. ஐஎஸ்பிஎன் எண் வாங்கினால் காப்பிரைட் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, அது புத்தகத்தை அடையாளம் காணும் எண். இந்தியாவில் அது இலவசம், ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசு முகமை தருகிறது. அதற்குக் காசு கேட்கும் பதிப்பகத்திடம் எதற்கு என்று கேளுங்கள்.

1954ஆம் வருஷச் சட்டப்படி, அச்சான நூலின் ஒரு பிரதியைப் பதிப்பாளர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். நிறைய பேர் அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்பச் சொல்லி வற்புறுத்துங்கள். இன்ன வருஷம் இன்னார் எழுதியது என்று ஒரு பிரதி அரசு நூலகத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. பதிவும் செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொரு கவிதைக்கும் ஐந்நூறு கட்டாமல், மொத்தத் தொகுப்பையும் ஒரே நூலாகக் கட்டிப் பதிவு செய்யுங்கள்.

உப்புக்காற்று அண்ணனுக்கு: பரவட்டும் என்றால் அதற்கும் ஒழுங்கான வழி இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். என் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் பகிரலாம், விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்று நீங்களே நிபந்தனை போடலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் அப்படி வந்த நூல்கள் ஏராளம். அதுவும் காப்பிரைட்டின் மேல் நின்றுகொண்டு கொடுக்கும் அனுமதிதான்.

எண்ணூர் உப்புக்காற்று | திங்கள், காலை 9.30

அது எனக்கு ஒத்துவரும். ஆனால் டீச்சரிடம் தோற்றுவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் கவிஞனைப் பார்த்தால் எனக்கு இன்னமும் சிரிப்புத்தான் வருகிறது.

தண்டையார்பேட்டைத் தனியன் | திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் நன்றி. அந்த 'கவிஞர்' எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன், பக்கத்து ஏரியாதான். என்ன செய்வது? நேராகப் போகவா, போலீசா, நோட்டீஸா? ஒரு நண்பன் மூன்று வருஷம் உள்ளே தள்ளலாம் என்கிறான்.

பிராட்வே குமாஸ்தா | செவ்வாய், காலை 6.50

நண்பனை முதலில் கட்டுப்படுத்துங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்று இருப்பது உண்மை. தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். வியாபார லாபத்துக்காக இல்லாதபோது கோர்ட் குறைக்கவும் செய்யலாம். எட்டு வரிக்காக ஸ்டேஷன் வாசலில் நின்றால் போவது உங்கள் ஷிப்ட் சம்பளம்.

57ஆம் பிரிவு உங்களுக்குப் போதும். இந்தப் படைப்பு என்னுடையது என்று உரிமை கோருவதற்கான சிறப்புரிமை அது. கவிதையையே விற்றுவிட்டாலும் அது ஆசிரியரிடம்தான் இருக்கும். முதலில் மரியாதையாக ஒரு செய்தி: உங்கள் பதிவின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு. 'என் பெயரைப் போட்டுத் திருத்தி அதே குரூப்பில் மறுபடி பகிருங்கள்' என்று கேளுங்கள். அதற்கு முன் அவர் போட்டதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், செய்தி போனதும் அழித்துவிடுவார். பொதுத் தளத்தில் போட்டிருந்து மறுத்தால் தளத்துக்கு எழுத்தில் புகார். 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 2013 விதிகளில் இருக்கிறது. ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மீன் விற்கும் அம்மாவைப் பற்றி அவர் தன் சொற்களில் வேறு கவிதை எழுதினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. கருவுக்குக் காப்பிரைட் இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. தலைப்புக்கும் கிடையாது, 2015இல் ஒரு படத்தலைப்பு வழக்கில் சொன்னார்கள்.

வியாசை விசில் | செவ்வாய், இரவு 8.15

குமாஸ்தா சார், இப்போது என் கேள்வி. சிரிக்கக் கூடாது. நானும் கானா எழுதுவேன். வரி என்னுடையது, மெட்டு மட்டும் பழைய சினிமா மெட்டு. எங்கள் ஏரியாவில் பாதிக் கானா அப்படித்தான். அப்படியென்றால் நான் திருடனா?

பிராட்வே குமாஸ்தா | செவ்வாய், இரவு 9.05

வரிகளுக்கு நீங்கள் உரிமையாளர், மெட்டுக்கு இல்லை. இசையமைத்தவர் காலமாகி 60 வருஷம் ஆகாதவரை அது இசையமைப்பாளருக்கோ, படத் தயாரிப்பாளருக்கோ, அவர்களிடம் உரிமை வாங்கியவருக்கோ சொந்தம். அமெச்சூர் மன்றம் டிக்கெட் இல்லாமல் பாடுவதற்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், உண்மையான மதச் சடங்குக்கும் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. துக்க வீட்டைப் பெயர் சொல்லிச் சொல்லவில்லை, ஆனால் துக்க வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பதிவு செய்து சேனலில் ஏற்றும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அப்போது அவர்கள் கோரிக்கை வைத்தால் அது கானாக்கார அண்ணனுக்கு வந்ததைப் போலப் பொய்க் கோரிக்கை ஆகாது.

இன்னொன்று. உங்கள் வரியை நாளை யாராவது படத்துக்குக் கேட்டால், 'மொத்தமாக ஒரு தொகை, ராயல்டி எதுவும் கேட்க மாட்டேன்' என்ற தாளில் கையெழுத்து கேட்பார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் ராயல்டிப் பங்கை அப்படி எழுதி வாங்க முடியாது. வாரிசுக்கோ, படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. தியேட்டரில் படத்தோடு ஓடுவது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

ஓட்டேரி கானாக்காரன் | செவ்வாய், இரவு 9.30

சொந்த மெட்டு போடுவது கஷ்டம் இல்லை, சார். ஆனால் துக்க வீட்டில் தெரிந்த மெட்டாக இருந்தால்தான் நாலு பேர் கூடச் சேர்ந்து பாடுவார்கள். புது மெட்டு என்றால் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே வீட்டில் பழைய மெட்டு, சேனலுக்குச் சொந்த மெட்டு என்று வைத்துக்கொள்கிறேன். விசில், நீயும் அப்படியே செய். மெட்டு கட்டத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டேரி பக்கம் வா, சொல்லித் தருகிறேன். வரும்போது வரியை நோட்டில் எழுதிக்கொண்டு வா, போனில் வேண்டாம்.

டிஸ்ப்யூட் கொடுத்தாகிவிட்டது. 30 நாள் ஓடட்டும், பார்க்கலாம்.